அட்டை மறைத்த காட்சி

ஆவடியில் எங்கள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் சினிமா பார்ப்பதென்றால் அட்டையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மனமகிழ் மன்றத்துக் கூடத்தின் நடுவில் புரொஜக்டர் இருக்கும். அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு மன்றச் செயலாளர் உட்கார்ந்திருப்பார். அவர் மடியில் ஒரு பரீட்சை அட்டை இருக்கும், பிள்ளைகள் பேப்பர் செருகி எழுதுவார்களே, கிளிப் வைத்தது, அது. திரையில் ஓர் ஆணும் பெண்ணும் நெருங்கினால் போதும், செயலாளர் எழுந்து அட்டையை லென்ஸுக்கு முன்னால் பிடித்துவிடுவார். திரை இருண்டுபோகும். சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். ஆபத்து நீங்கிவிட்டது என்று அவருக்குத் தோன்றும்போது அட்டை இறங்கும்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஃபாக்டரியில் ஃபோர்மேன். குடும்பம் குடும்பமாக வந்து உட்காரும் இடம், நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் தன் தலைதான் உருளும் என்பார். ஆனால் எந்தக் காட்சி எங்கே போய் முடியும் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாதே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அண்ணனும் தங்கையும் ரயிலடியில் கட்டிப்பிடித்து அழுததற்குக்கூட அட்டை பிடித்திருக்கிறார். ஒரு டாக்டர் ஒரு பெண்ணின் கண்ணில் சொட்டு மருந்து விட்டதையும் நாங்கள் பார்க்கவில்லை. அட்டை ஏறிவிட்டால் அங்கே முத்தம் விழுந்துவிட்டது என்பது குவார்ட்டர்ஸின் கணக்கு. பின்வரிசையிலிருந்து விசில் வரும். அவர் மட்டும் சும்மா இருந்திருந்தால் அந்தப் படங்களில் பாதிக்கு அப்படி ஒரு கெட்ட பெயரே வந்திருக்காது.

எண்பதுகளின் கடைசி அது. மற்ற வாரங்களில் தமிழ்ப்படம் ஓடும். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மட்டும் பட்டணத்து ஃபிலிம் சொசைட்டி ஒன்றிலிருந்து வெளிநாட்டுப் படத்தின் பெட்டி வரும். அடியில் ஆங்கில எழுத்து ஓடும். அதை அந்த வேகத்தில் படிக்க எங்களில் பாதிப் பேரால் முடியாது. திருச்சி, தூத்துக்குடி, தர்மபுரி என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பங்கள். அதனால் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று கதையைத் தமிழில் சொல்லுவார்.

முதலில் இதைச் செய்தவர் நாடகத்தில் வில்லன் வேஷம் கட்டுகிற ஒருவர். கதாநாயகி பேசினாலும் அவர் குரலில் மீசை முறுக்கும். அவருக்கு மாற்றல் வந்து போனதும் மைக் டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்த ஓர் இளைஞரின் கைக்கு வந்தது. திருநெல்வேலிப் பக்கம், புராட்டஸ்டன்ட் குடும்பம். அவர் குரலை ஏற்றவும் மாட்டார், இறக்கவும் மாட்டார். அடியில் எழுத்து என்ன சொல்கிறதோ அதைத் தமிழில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். படத்துக்கும் நமக்கும் நடுவில் வந்து நிற்காத குரல். எனக்கு அந்தக் குரலைப் பிடித்திருந்தது. குரலை மட்டும்தான் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

நான் மண்ணூர்பேட்டையில் சுவிட்ச் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். காலையிலிருந்து மாலை வரை நின்றபடியே வேலை. உட்கார்ந்தால் கை மந்தமாகிவிடுமாம், சூப்பர்வைசர் சொல்லுவார். அவர் மட்டும் உட்கார்ந்துகொண்டு சொல்லுவார். எனக்கு இருந்த ஒரே பைத்தியம் சினிமா. எந்த மொழியாக இருந்தாலும் சரி, திரையில் வெளிச்சம் விழுந்தால் நான் அங்கே இருக்க வேண்டும்.

டிராயிங் ஆபீஸ்காரரோடு எனக்குப் பேச்சுவார்த்தை என்று பெரிதாக எதுவும் இல்லை. நாங்கள் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒரு கோயிலுக்கும் அவர்கள் ஒரு கோயிலுக்கும் போவோம். டிசம்பரில் மட்டும் இரண்டு சபையும் ஒன்றாகப் பாடப் போகும், காரணம் ஃபாக்டரி கொடுக்கிற லாரி ஒன்றுதான். அப்படி ஒரு டிசம்பரில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போனபோது சாக்கடைக் கால்வாயைத் தாண்டப் பலகை போட்ட இடத்திலெல்லாம் என் காலுக்கு முன்னால் டார்ச் வெளிச்சம் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் அவர். ஒன்றும் சொல்லவில்லை. பாட்டையும் நிறுத்தவில்லை. அந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் ஓட்டினேன். அதற்கு மேல் அவர் பக்கத்திலிருந்து எதுவும் வரவில்லை.

வந்தது வேறொரு சம்பந்தம். நெமிலிச்சேரியில் சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, எங்கள் சபையேதான், ரயில்வேயில் நல்ல வேலை. பெண் பார்க்க வந்தபோது என்னிடம் மரியாதையாகப் பேசினார். அவரிடம் ஒரு குறையும் இல்லை. ஒரு குறை இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். அப்பா சரி என்றார், அம்மா சரி என்றாள், நானும் தலையாட்டினேன். வேறு எதைச் சொல்லித் தலையை ஆட்டாமல் இருப்பது? டார்ச் அடித்தார் என்றா?

எங்களில் கல்யாணம் நிச்சயமானால் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். அடுத்தடுத்து மூன்று ஞாயிறு, பூசை முடியும் நேரத்தில் பெண், மாப்பிள்ளை பெயரைப் பங்குச் சாமியார் படிப்பார். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்பார். முதல் ஓலை வாசித்துவிட்டால் அதன்பிறகு பின்வாங்குவது குடும்பத்துக்கே அவமானம். எனக்கு முதல் ஓலை ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்தின நாள், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. நான் அன்றைக்கு மன்றத்துக்குப் போனது சினிமாவுக்காக மட்டும் இல்லை. நாளைக்கு ஓலை என்பது குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லுவாரா, குறைந்தது முகத்திலாவது ஏதாவது தெரியுமா என்று பார்க்கத்தான் போனேன்.

அன்று பார்த்துக் கம்பெனியில் லோடு ஏற்றும் நாள். மண்ணூர்பேட்டையில் பஸ் கிடைத்து, ஆவடியில் இறங்கி, டிபன் பையோடு நேராக மன்றத்துக்கு ஓடினேன். படம் தொடங்கியிருந்தது. பெண்கள் பக்கம் ஒரு நாற்காலி காலியில்லை. அம்மா முன்வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு நெருக்கி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கவாட்டுக் கதவோரமாக நின்றுகொண்டேன். வராந்தா டியூப்லைட்டின் வெளிச்சம் என்மேல்தான் விழுந்தது.

அந்தப் படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் தேடிப்போய்ப் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்பீர்கள், எனக்குக் கோபம் வரும். பெரிய பெரிய இடங்களில் கொண்டாடிய படம். ஆனால் அது எங்களுக்கு அப்போது தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பெரிய துறைமுகப் பட்டணம், ஓயாத மழை, தெருவின் நடுவே ஓடும் ட்ராம். அந்தப் பட்டணத்தில் யாரைப் பார்த்தாலும் யாரோ ஒருவரை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு உயரமான கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் வயதானவர். அவர் காதலிப்பது ஒரு குரலை. போனில் ஒரு எண்ணைச் சுற்றினால் ஒரு பெண் இப்போது மணி என்ன என்று சொல்லுவாள், அந்தக் குரலை. தினமும் சுற்றுவார், கேட்பார், நன்றி என்று சொல்லிவிட்டு வைப்பார். அது இயந்திரத்தில் பதிவு செய்த குரல், நன்றி அதற்குக் கேட்காது. முதல் தடவை கூடமே சிரித்தது. மூன்றாவது தடவை அவர் நன்றி சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

நடுக்கதை ஒரு ட்ராம் ஓட்டுநருடையது. ஆள் நெடுநெடுவென்று இருப்பான். அவன் சட்டையை ஒரு சலவைக் கடையில் போடுவான். அங்கே நாளெல்லாம் நின்று இஸ்திரி போடும் பெண் ஒருத்தி. ஒருநாள் சட்டையில் பொத்தான் இல்லாததைப் பார்த்து அவளே ஒன்றைத் தைத்து அனுப்பிவிடுகிறாள். கேட்காமல் செய்த காரியம். அவ்வளவுதான், அவன் விழுந்துவிட்டான். அடுத்த வாரத்திலிருந்து சட்டையைக் கடையில் போடும் முன்பு ஒரு பொத்தானைத் தானே பிய்த்துச் சாக்கடையில் எறிந்துவிட்டுப் போடுவான். அவளும் ஒன்றும் கேட்காமல் தைத்து அனுப்புவாள். வேறு வேறு நிறத்துப் பொத்தான்கள். கடைசியில் அவன் சட்டையைப் பார்த்தால் எங்கள் கம்பெனியில் கழித்துப்போட்ட சரக்கு மாதிரி இருந்தது. எனக்குப் பக்கத்திலிருந்த ஒரு அக்கா, இவ்வளவு பொத்தானுக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார். நான் மனசுக்குள், நன்றாகக் கேட்டீர்கள் அக்கா என்றேன்.

இன்றைக்கும் அந்தப் படத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். காதலைச் சொல்லத் தெரியாதவர்களைக் கேலி செய்யாத படம் அது. அவர்கள் செய்கிற அசட்டுக் காரியங்களை அவசரமில்லாமல், மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இயக்குநர் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தால் ஒரு டார்ச்சை வைத்தே ஒரு படம் எடுத்திருப்பார்.

இஸ்திரிக்காரிக்கு வேறொருவனோடு ஊரைவிட்டுப் போக ஏற்பாடாகிவிடுகிறது. கடைசி நாள் ட்ராம்காரன் கடைக்கு வருகிறான். பூட்டுகிற நேரம். அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துகிறாள். திரையில் அவள் முகம் பெரிதாக வந்தது, பிறகு அவன் முகம். பிறகு அவள் முகம் அவன் நெஞ்சுப் பக்கமாகக் குனியத் தொடங்கியது.

அட்டை ஏறிவிட்டது.

கூடம் இருண்டது. ஒரு விசில் வந்தது. மழைச் சத்தமும் புரியாத மொழியில் இரண்டு குரல்களும் கேட்டுக்கொண்டே இருந்தன. வழக்கமாகச் சீக்கிரம் இறங்கிவிடும் அட்டை அன்றைக்கு இறங்கவில்லை. பட்டாபிராமிலிருந்து புரொஜக்டர் கொண்டுவருகிற ஆபரேட்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சார், கைய எடு சார். அதுல ஒண்ணியும் இல்ல சார்” என்றது என் வரைக்கும் கேட்டது. செயலாளர் அவரை அடக்கிவிட்டு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். படத்தோடு அடியில் ஓடும் எழுத்தும் மறைந்துபோனதால் மைக்கிலும் பேச்சு நின்றுபோனது. கதையாவது சொல்லுங்கள் என்று ஆளுக்கு ஆள் சத்தம் போட்டார்கள்.

கொஞ்ச நேரம் மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவர் பேசினார்.

“நிக்காதே. கால் வலிக்கும். உக்காரு.”

பாவம், அந்தப் பெண்ணும் என்னைப்போல நாளெல்லாம் நிற்கிறவள்தானே என்று நினைத்தேன். அவளை ஒருவன் உட்காரச் சொன்னதும்தான் என் காலும் வலிப்பது எனக்கு உறைத்தது. கதவோரம் கேரம் போர்டு வைக்கும் மர ஸ்டாண்ட் ஒன்று கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மைக் மறுபடி பேசியது. “நீ வேறொருவரோடு போகப் போகிறாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தடுக்க எனக்கு உரிமை இல்லை. இத்தனை நாள் வாயைத் திறக்காதவன் நான். ஆனால் வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரையில் எழுத்து இல்லை. அவர் படிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அப்படியென்றால் இந்த வார்த்தைகள் எங்கிருந்து வருகின்றன? குவார்ட்டர்ஸ் மொத்தமும் உட்கார்ந்திருக்கிற கூடத்தில், இருட்டில், மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் என்னிடம் பேசிவிட்டார். பயத்தில் எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்திலும்தான்.

அட்டை இறங்கியபோது கடைக் கதவு திறந்து ட்ராம்காரன் மழையில் போய்க்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு விடிகிற பட்டணம், சலவைக் கடைக்கு எதிரே முதல் ட்ராம் வந்து நிற்கிறது, மணியை அடிக்கிறான். கடைக் கதவையே காட்டிக்கொண்டிருந்தார்கள். திறக்கிறதா இல்லையா என்று காட்டாமலே படம் முடிந்துவிட்டது. கூடத்தில் ஒரே முணுமுணுப்பு. ஆபரேட்டர் ரீலைச் சுற்றிக்கொண்டே, “அவ்ளோதான் நைனா படம், ஊட்டுக்குப் போங்க” என்றார். எனக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. கதவைத் திறக்க வேண்டியவள் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் சோறு போடும் முன்பே அப்பாவிடம் சொன்னேன், நாளைக்கு ஓலை வாசிக்க வேண்டாம் என்று. அப்பா மெஷின் ஷாப்பில் ஃபிட்டர். எதையும் அளவு வைத்துப் பார்க்கிறவர். கத்தவில்லை. ஏன் என்று கேட்டார். டிராயிங் ஆபீஸ்காரரைச் சொன்னேன். அவன் உன்னிடம் கேட்டானா என்றார். கேட்டார் என்றேன். எப்போது என்றார்.

“இப்பதாம்பா. மைக்ல.”

அம்மா கையிலிருந்த கரண்டியோடு திரும்பினாள். “நானும் அங்கதானடி உக்காந்திருந்தேன். அது படத்துல வர்றவன் சொன்னது.”

“படத்துல எங்கம்மா எழுத்து தெரிஞ்சுது? அட்டைதான மறைச்சிருந்துச்சு. அவங்க எதைப் பாத்துச் சொன்னாங்க?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சில் ஓட்டை எங்கே என்று அவர் தேடுவது தெரிந்தது. எழுத்து மறைந்திருந்தது, மறைந்ததைப் படிக்க முடியாது, ஆகவே சொன்னது அவனுடைய சொந்தப் பேச்சு. ஃபிட்டருக்கு இது இடிக்கவில்லை. இடித்ததெல்லாம் அவன் வேறு சபை என்பது. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு, காலையில் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

காலையில் முதல் பூசைக்கு மணி அடிக்கும் முன்பே அப்பா சாமியாரைப் பார்த்து ஓலையை நிறுத்தி வைக்கச் சொன்னார். அங்கிருந்து நேராக டிராயிங் ஆபீஸ்காரர் இருந்த குவார்ட்டர்ஸ் வாசலுக்குப் போனார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டும் போகவில்லை. நேற்று மைக்கில் சொன்னது என் பெண்ணுக்காகத்தானா என்று ஒரே கேள்விதான் கேட்டாராம். அவர் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாராம். பிறகு, ஆமாம் என்றாராம். அப்பா திரும்பி வந்து அம்மாவிடம், பையன் யோசித்துத்தான் சொன்னான் என்றார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு.

நெமிலிச்சேரிக்காரர்களிடம் அப்பாவே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளைக்கு அடுத்த வருஷமே வேறு இடத்தில் நல்லபடியாகக் கல்யாணம் ஆனது. எங்களுக்குத்தான் இழுத்தது. டிராயிங் ஆபீஸ்காரரின் அம்மா, மாதா கோயிலில் மணவறையா என்று பிடிவாதம் பிடித்தார்கள். எங்கள் பக்கம் பெரியப்பாமார் அவர்கள் கோயில் வாசலை மிதிக்க மாட்டோம் என்றார்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மைக்கில் சொன்ன மனிதர் சொன்னபடியே பார்த்துக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று தோன்றிய ஒரு நாளில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எங்கள் கோயிலில் மூன்று ஓலையும் வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் எழுந்திருக்கவில்லை.

தொண்ணூறுகளில் முகப்பேரில் ஹவுசிங் போர்டு ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டோம். எங்கள் பிளாக்கில் இந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது. யார் காபி குடிக்க வந்தாலும் சொல்லிவிடுவேன். இவர் ஒரு ஊரையே கூட்டி வைத்து மைக் போட்டுக் காதல் சொன்னவர், உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று கேட்பேன். பக்கத்து ஃப்ளாட் அக்கா அவள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்ப்பாள், அந்த மனிதர் பாவம் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார். நான் கதையைத் தொடங்கினாலே எங்கள் வீட்டுக்காரருக்குக் கீழே போய்த் தண்ணீர் மோட்டார் போட வேண்டிய வேலை வந்துவிடும். வெட்கம் என்று நினைத்தேன்.

முகப்பேரில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேசட் கடை இருந்தது. கடைக்காரருக்கும் என்னைப்போலச் சினிமாப் பைத்தியம். ஒருநாள் யாரும் எடுக்காத கேசட்டுகளைக் கீழ்த்தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். அதில் அந்தப் படத்தின் பெயரைப் பார்த்தேன். கேசட் போட்டுப் பார்க்கும் டெக்கையும் சேர்த்து வாடகைக்கு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மகள் கீழே விளையாடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கேசட்டைக் கையில் வாங்கிப் பெயரைப் படித்துவிட்டு, இதையா எடுத்தாய் என்றார். பிறகு சோபாவில் உட்கார்ந்துகொண்டார்.

படம் அப்படியே இருந்தது. ஒரு பொட்டுக்கூடப் பழையதாகவில்லை. லிஃப்ட்காரர் நன்றி சொன்னபோது இந்தத் தடவை முதல் நன்றிக்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொத்தான்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. இப்போது என்னால் ஆங்கில எழுத்தைப் படிக்க முடியும். மைக் வேண்டாம், அட்டையும் கிடையாது.

கடைக் கதவைச் சாத்துகிறாள். அவள் முகம், அவன் முகம். அவள் குனிகிறாள். அங்கே முத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவன் போட்டிருக்கிற சட்டையிலேயே அவள் பொத்தான் தைக்கிறாள். அறுக்கக் கத்தரிக்கோல் இல்லை. குனிந்து, அவன் நெஞ்சோரத்தில் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். நான் பார்த்த எந்தக் காதல் காட்சியும் அதற்குப் பக்கத்தில் வராது. ஒரு ஃபோர்மேன் கை வலிக்க வலிக்க மறைத்து வைத்தது இதைத்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

அப்போது அடியில் எழுத்து ஓடியது. நீ வேறொருவரோடு போகப் போகிறாய் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தடுக்க எனக்கு உரிமை இல்லை. இத்தனை நாள் வாயைத் திறக்காதவன் நான். வேண்டாம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வரிக்கு வரி அதேதான். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுகூட இருந்தது.

எழுந்து சமையலறை வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். எனக்கு முகமெல்லாம் கொதித்தது. இத்தனை வருஷம் பிளாக் முழுக்கத் தம்பட்டம் அடித்தது யாரோ ஒரு வெளிநாட்டான் எழுதிய வசனம். அதை நம்பி ஒரு நல்ல மனிதரின் ஓலையை நிறுத்தினேன். அதை நம்பித்தான் அப்பா விடியற்காலையில் ஒரு அந்நிய வாசலில் போய் நின்றார். எழுத்துதான் மறைந்திருந்ததே, எப்படித் தெரியும் உங்களுக்கு என்று கேட்டேன். குரல் எனக்கே நன்றாக இல்லை.

அன்றைக்கு மத்தியானமே ஆபரேட்டரும் அவரும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டார்கள் என்றார். அந்தக் காட்சி மனப்பாடமாகவே ஆகிவிட்டதாம்.

“அப்ப எல்லாமே படத்துல உள்ளதுதான்.”

அவர் ரிமோட்டை எடுத்து ரீவைண்ட் செய்தார். கடைக் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. காட்சி முழுவதும் இன்னொரு தடவை ஓடியது. நான் வாசலில் நின்றபடியே பார்த்தேன். இதில் இன்னும் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது என்று கேட்டேன்.

“அவ நிக்காளா?” என்றார்.

பார்த்தேன். முகங்கள் விலகிக் காட்சி விரியும்போது அவள் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் அவளுக்கு முன்னால் முழங்காலிட்டிருக்கிறான். பொத்தான் தைக்கும் வரை, நூலை அறுக்கும் வரை, அவன் பேசி முடித்து எழுந்து போகும் வரை அவள் உட்கார்ந்துதான் இருக்கிறாள். உட்கார்ந்திருப்பவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அப்படி ஒரு வரி அடியில் ஓடவே இல்லை.

“நீ டிபன் பையோட கதவுகிட்ட நின்னுட்டு இருந்தே. காலை மாத்தி மாத்தி வச்சே. ஒருத்தரும் இடம் கொடுக்கல. என் கையில மைக் இருந்துச்சு” என்றார். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, “உங்கப்பா வந்து கேட்டப்ப நான் பொய் சொல்லல” என்றார்.

நான் சமையலறை வாசலில் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அவர் சோபாவில் நகர்ந்து இடம் விட்டார். போய் உட்கார்ந்தேன்.